கப்பல் தேதி

போன மாதம் பயிற்சி வகுப்பு முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார். "சார், மேனேஜ்மென்ட் சரியில்லாத கம்பெனியில ஒரு இன்ஜினியர் ஒழுங்கா வேலை பாக்கிறது எப்படி?" பொறுமை வேண்டும், பேசித் தீர்க்க வேண்டும் என்று ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் என்மேலேயே எரிச்சலாக இருந்தது. கேட்டவர் முகத்தைப் பார்த்தால் சும்மா கேட்டதாகத் தெரியவில்லை. ஏதோ ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொல்லி அவரை யாரோ நெருக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

அதனால் இதை எழுதுகிறேன். பதில் என்னிடம் இல்லை. நடந்த ஒன்று இருக்கிறது. அதில் நான் நல்லவனாக வரமாட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடம் மேடைகளில் நான் சொன்ன கதைகளில் எல்லாம் நான்தான் கெட்டிக்காரன். இது அந்த வகை அல்ல.

அறுபதுகளின் நடுவில் நான் அந்தமானில் இருந்தேன். வயது இருபத்தாறு. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன், அதற்கு முன் கடலைக் கரையில் நின்று பார்த்ததோடு சரி. கல்கத்தாவில் தலைமை அலுவலகம் வைத்திருந்த பெரிய கம்பெனி ஒன்றில் வேலை. டீசல் இன்ஜின்களை விற்பது, மாட்டுவது, பழுது பார்ப்பது. நாடெங்கும் கிளைகள். அந்தத் தீவுகளில் அப்போது குடியேற்றம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. காட்டை வெட்டி வங்காளிக் குடும்பங்களுக்கு நிலம் கொடுத்தார்கள், தெலுங்கர்களும் மலையாளிகளும் நம்மவர்களும் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். சாலை கிடையாது, எல்லாப் போக்குவரத்தும் தண்ணீரில். ஒவ்வொரு ஜெட்டியிலும், அதாவது படகுத்துறையிலும், லாஞ்ச் என்கிற ஒரு மோட்டார் படகு, ஒவ்வொரு லாஞ்சுக்குள்ளும் எங்கள் கம்பெனி இன்ஜின்.

போர்ட் பிளேரில் மரைன் ஹில்லில் எங்கள் ஆபீஸ், கீழே தண்ணீர் ஓரத்தில் ஒர்க்‌ஷாப். ஆபீஸில் மேனேஜர், ஒர்க்‌ஷாப்பில் நான். இருவருக்கும் நடுவே ஒரு மேடு. நான் அங்கே இருந்த மூன்று வருடத்தில் அவர் அந்த மேட்டை இறங்கி வந்தது விரல் விட்டு எண்ணுகிற தடவைதான்.

மெயின்லேண்டுக்குத் தபால் கப்பலில்தான் போகும். இரண்டு வாரத்துக்கு ஒரு கப்பல், சில சமயம் மூன்று வாரம் ஆகும். கப்பலை விட்டால் அவ்வளவுதான், அடுத்த கப்பல்வரை கல்கத்தாவுக்கு நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா என்றுகூடத் தெரியாது. ஆகவே கப்பல் புறப்படுகிற வாரம் வந்தால் ஆபீஸே அமளிதுமளிப்படும். எல்லா அறிக்கைகளும், எல்லா சர்டிபிகேட்டுகளும் கப்பலின் தபால் பையில் ஏறியாக வேண்டும்.

எங்கள் ஆபீஸில் ஒரு பழக்கம் இருந்தது. எந்தத் தாளை எந்தக் கிழமையில் எழுதினாலும் அதில் போடுகிற தேதி கப்பல் புறப்படும் தேதிதான். கப்பல் புறப்படுவது வியாழக்கிழமைகளில், அதனால் செவ்வாய்க்கிழமை எழுதினாலும் வியாழக்கிழமைத் தேதி. முதலில் அது வெறும் தேதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். பிறகு வேலையும் அந்தத் தேதிக்குள் ஏறிக்கொண்டது. வியாழனுக்குள் முடிந்துவிடும் என்று தோன்றுகிற வேலையைச் செவ்வாயன்றே முடிந்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவோம். முடியாவிட்டால் கப்பல் போன பிறகு முடிப்போம். யாருக்கு என்ன நஷ்டம்? தாள் கல்கத்தா போய்ச் சேரும் முன் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்.

இதை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த இன்ஜினியர். பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போக அவருக்கு நான்கு நாள் இருந்தது. ரொம்ப நல்ல மனுஷர். எனக்குக் கொசுவலை கட்டிக்கொடுத்தவர், குடிதண்ணீரை எங்கே பிடிக்க வேண்டும் என்று கூட்டிப்போய்க் காட்டியவர். அதே அக்கறையோடுதான் ஒரு கட்டு சர்டிபிகேட் பாரங்களை என் முன்னால் வைத்து, "கப்பல் தேதியப் போட்டு கையெழுத்துப் போட்டுடுங்க தம்பி, யோசிச்சா இங்க வேலை ஓடாது" என்றார். அயோக்கியன் ஒருவன் சொல்லியிருந்தால் நான் இரண்டு நாளாவது முறைத்துக்கொண்டு நின்றிருப்பேன்.

மேனேஜரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெட்ராஸ்காரர். குடிகாரர் இல்லை, லஞ்சம் வாங்குகிறவர் இல்லை, குரலை உயர்த்திப் பேசிக்கூடக் கேட்டதில்லை. அவர் அறையில் ஒரு கரும்பலகை. எங்கள் பொறுப்பில் இருந்த அத்தனை இன்ஜின்களின் எண்ணும் அதில் வரிசையாக இருக்கும். ஓடுகிறது என்றால் பச்சைச் சாக்பீஸில் ஒரு கோடு, ஓடவில்லை என்றால் சிவப்பு. கப்பல் வாரத்தில் அந்தப் பலகையைப் பார்த்துத்தான் கல்கத்தாவுக்கு அறிக்கை போகும். சிவப்பு இருந்தால் கல்கத்தாவிலிருந்து கடிதம் வரும். அந்தக் கடிதத்துக்கு அவர் பயந்த மாதிரி நான் புயலுக்குக்கூடப் பயந்ததில்லை. நாளடைவில் சிவப்புச் சாக்பீஸ் தீர்ந்துபோனது. புதிதாக வாங்கச் சொல்லி யாரும் எழுதவில்லை.

அவர் ஒருநாளும் என்னைப் பொய் எழுதச் சொன்னதில்லை. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். "வியாழக்கிழமைக்குள்ள ஆயிடும் இல்லையா?" என்று மட்டும் கேட்பார். ஆகாது என்று சொன்னால் மறுபடி அதையே கேட்பார். மூன்றாவது தடவை நானே "ஆயிடும் சார்" என்று சொல்லிவிடுவேன்.

இனி அந்த லாஞ்ச். சாத்தாமுக்கும் பாம்பூஃப்ளாட்டுக்கும் நடுவே துறைமுகத்தைக் கடந்து ஆட்களை ஏற்றிப்போகும் படகுகள் இரண்டு. ஒன்று ஓடும்போது மற்றது எங்களிடம் பழுது பார்க்க வரும். அந்தத் தடவை வந்த லாஞ்சில் கியர்பாக்ஸ் கோளாறு. லாஞ்சுக்கு பிரேக் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். ஜெட்டியை நெருங்கும்போது கியரை மாற்றி விசிறியைப் பின்னோக்கிச் சுற்றவிட்டால்தான் அது நிற்கும். அந்தப் பின்கியரின் கிளட்ச் தகடு தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. புதுத் தகடு கல்கத்தாவிலிருந்து வர வேண்டும். வந்த கப்பலில் அது இல்லை.

லாஞ்சை ஓட்டும் தலைவனை அங்கே சாரங் என்பார்கள். இந்த லாஞ்சின் சாரங் சூசை, தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வந்தவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். படகு பழுதுக்கு வந்தால் மற்ற சாரங்குகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இவர் தினமும் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து மூலையில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருப்பார். எங்கள் வேலையில் தலையிடமாட்டார். ஆனால் எந்த நட்டு எங்கே போனது என்று எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அவருடைய கலாசி, அதாவது கயிறு வீசிக் கட்டுகிற ஆள், அப்பாராவ் என்ற தெலுங்கர். அவருக்குத் தமிழ் வராது, சூசைக்குத் தெலுங்கு வராது. இருவரும் தீவு இந்தியில் நாளெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள்.

செவ்வாய்க்கிழமை மேனேஜர் மேலே கூப்பிட்டார். பலகையில் எல்லாம் பச்சை, ஒரே ஒரு இடம் காலி.

"லாஞ்ச் என்ன ஆச்சு?"

"பின்கியர் தகடு வரலை சார். பழசையே திருப்பி மாட்டலாம், ஆனா முழு லோடுல சோதிச்சுப் பாக்காம ஒண்ணும் சொல்ல முடியாது."

"வியாழக்கிழமைக்குள்ள ஆயிடும் இல்லையா?"

மூன்றாவது தடவை வரை நான் காத்திருக்கவில்லை. பாரத்தை வாங்கினேன். 'முன்னோக்கியும் பின்னோக்கியும் முழு லோடில் சோதிக்கப்பட்டது, திருப்திகரம்' என்று அதில் அச்சடித்தே இருக்கும், நாம் எழுதக்கூட வேண்டாம். கையெழுத்துப் போட்டு வியாழக்கிழமைத் தேதியிட்டேன். நான் கையெழுத்துப் போட்ட அந்த நேரத்தில் லாஞ்ச் கரையேற்றப்பட்டுக் கிடந்தது. அதன் கியர்பாக்ஸ் என் ஒர்க்‌ஷாப் மேஜைமேல் பல்லெல்லாம் தெரியத் திறந்து கிடந்தது. மேனேஜர் பச்சைக் கோடு போட்டார்.

வியாழனன்று கப்பல் போனது. வெள்ளிக்கிழமை பழைய தகட்டையே சுத்தம் செய்து மாட்டி, லாஞ்சைத் தண்ணீரில் இறக்கினோம். சனிக்கிழமை என்னை வேறு ஒரு ஜெனரேட்டர் வேலைக்கு அனுப்புவதாக ஏற்பாடு. சோதனையைத் திங்கட்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்று நானே முடிவு செய்தேன். திங்கள்வரை அது எங்கள் ஜெட்டியில் கட்டித்தானே கிடக்கப்போகிறது?

சனிக்கிழமை காலை ஓடிக்கொண்டிருந்த மற்ற படகு நின்றுபோனது. சாத்தாமில் சந்தைக்கு வந்த கூட்டம், வேலைக்குப் போகிற கூட்டம், மூட்டைகள், கோழிக்கூடைகள். படகுப் போக்குவரத்தைக் கவனிக்கிற அதிகாரி ஒருவர் எங்கள் ஆபீஸுக்கு ஆள் அனுப்பி, "லாஞ்ச் தயார் ஹை க்யா?" என்று கேட்டார். மேனேஜர் பலகையைத் திரும்பிப் பார்த்தார். தயார் என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, பலகை அப்படித்தான் சொன்னது.

செய்தி எனக்கு வந்தபோது நான் கருவிப்பெட்டியோடு கிளம்பிக்கொண்டிருந்தேன். மேடேறி ஓடினேன்.

"சார், அத இன்னும் சோதிக்கலை."

மேனேஜர் கோபப்படவில்லை. கோப்பைத் திறந்து பாரத்தின் நகலை என் பக்கம் திருப்பி வைத்தார். "இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார். ஆனா..."

"அப்ப நான் அந்த ஆபீசர்கிட்ட போய் என்ன சொல்லணும்? எங்க இன்ஜினியர் பொய் சர்டிபிகேட் குடுத்திருக்கார்னு சொல்லவா? சொல்லுங்க, நீங்க சொன்னா சொல்றேன்."

அவர் குரலில் மிரட்டல் இல்லை. உண்மையாகவே கேட்டார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். 'சொல்லுங்கள்' என்று ஒரு வார்த்தை. அதற்குமேல் எதுவும் தேவைப்பட்டிருக்காது. என் வேலை போயிருக்கும், சாத்தாமில் கூட்டம் மத்தியானம் வரை காத்திருந்து திட்டிவிட்டுப் போயிருக்கும். "இல்ல சார், ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டுக் குடுத்தா நல்லது" என்று முனகினேன். "போற வழியில பாத்துக்கலாம்" என்றார்.

கீழே ஜெட்டியில் சூசை இன்ஜினைச் சூடேற்றிக்கொண்டிருந்தார். அப்பாராவ் கயிற்றை அவிழ்க்கத் தயாராக நின்றார். என்னைப் பார்த்ததும் சூசை இறங்கி வந்தார்.

"தகடு வந்துச்சா சார்?"

"இல்ல சூசை. அடுத்த கப்பல்லதான்."

"அப்ப பழசுதான் கிடக்கு."

"ஆமா."

அவர் சாத்தாம் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "எடுக்கவா, வேண்டாமா சார்? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. வேண்டாம்னா நான் கயித்த அவுக்க மாட்டேன்" என்றார்.

நான் சொன்னது இது: "பாத்து ஓட்டுங்க சூசை."

அவர் "சரி சார்" என்று ஏறிவிட்டார்.

தம்பிகளே, தங்கைகளே, இந்த இரண்டு சொற்களை நம் தொழிலில் நாம் எத்தனை தடவை சொல்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். பார்த்து ஓட்டு, பார்த்துக் கையாளு, கொஞ்சம் கவனமாக இரு. கேட்பதற்கு அக்கறை மாதிரி இருக்கும். அன்று நான் செய்தது என்னவென்றால், மேனேஜரிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லாத ஒன்றை, மறுக்க வழியில்லாத ஒருவர் தலையில் வைத்துவிட்டு வந்தேன். மனசு லேசாகிவிட்டது, அது வேறு. ஜெனரேட்டர் வேலைக்கு விசிலடித்துக்கொண்டு போனதாகக்கூட ஞாபகம்.

நான் அந்த லாஞ்சில் இல்லை. இருந்திருந்தால் கொஞ்சமாவது யோக்கியதை இருந்திருக்கும். நடந்ததைப் பின்னால் பலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் இரண்டு நடை ஒன்றும் ஆகவில்லை. சூசை வெகு தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, தானாக மிதந்துவந்து ஜெட்டியைத் தொடும்படி பார்த்துக்கொண்டார். மூன்றாவது நடையில் நீரோட்டம் படகைப் பின்னாலிருந்து தள்ளியது. பாம்பூஃப்ளாட் ஜெட்டிக்கு அருகில் ஒரு சின்னத் தோணி குறுக்கே வந்தது. அதை ஒதுக்கிப் போக அவர் திருப்பியபோது லாஞ்சின் முகப்பு நேராக ஜெட்டித் தூணைப் பார்த்துப் போயிற்று. பின்கியரை முழுதாகப் போட்டார். தகடு வழுக்கியது. இன்ஜின் மட்டும் அலறியதே தவிர லாஞ்ச் நிற்கவில்லை. முகப்பில் நின்ற அப்பாராவ் மூங்கிலை ஊன்றித் தள்ளிப் பார்த்தார், மூங்கில் முறிந்தது. கலாசிகள் எல்லோரும் செய்கிறதைத்தான் அவரும் செய்தார். உட்கார்ந்து, காலை நீட்டித் தூணை உதைத்தார். சின்னப் படகென்றால் அது போதும். இதில் அறுபது பேர் இருந்தார்கள்.

அறுபது பேருக்கும் சிராய்ப்புகூட இல்லை. அப்பாராவ் தூணுக்கும் லாஞ்சுக்கும் நடுவில் போய்விட்டார். கரைக்குத் தூக்கி வருவதற்குள் உயிர் இல்லை. சூசைதான் மடியில் வைத்திருந்தாராம்.

திங்கட்கிழமை, சோதனைக்கென்று நான் குறித்துவைத்திருந்த அதே நாளில், மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். இரண்டு நாள் தூங்காத முகம். "அப்பாராவ் போயிட்டான். நீங்களும் வேலைய விட்டுட்டுப் போனா அவன் திரும்பி வருவானா?" என்றார். அந்தக் கேள்வியை நான் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கு அப்போது தேவைப்பட்டது அதுதான்.

விசாரணை இரண்டு நாள் நடந்தது. விசாரணை அதிகாரி நியாயமான மனிதர், முன்னால் இருக்கும் தாளை நம்புகிறவர். சர்டிபிகேட் மேஜைமேல் இருந்தது. தேதி வியாழன், விபத்து சனி. எல்லாம் ஒழுங்காக இருந்தது. என்னைக் கேட்டார்.

"பின்கியரில் பழைய தகடுதான் இருக்கிறது என்று சாரங்குக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"யார் சொன்னது?"

"நான் சொன்னேன்."

"வேறு ஏதாவது சொன்னீர்களா?"

"பார்த்து ஓட்டச் சொன்னேன்."

எழுதிக்கொண்டார். நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. சர்டிபிகேட்டில் என்றைக்குக் கையெழுத்துப் போட்டீர்கள் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பிறகு சூசையைக் கூப்பிட்டு, இன்ஜினியர் சொன்னது உண்மையா என்று இந்தியில் கேட்டார்.

"சச் ஹை சாப்," என்றார் சூசை. உண்மைதான். அவ்வளவோடு நிறுத்திக்கொண்டார்.

தீர்ப்பு எளிதாகிவிட்டது. கோளாறு தெரிந்திருந்தும், எச்சரிக்கப்பட்டிருந்தும், நெரிசலான படகை அஜாக்கிரதையாக ஓட்டி ஒரு உயிரைப் பலிகொடுத்த சாரங். அவருடைய சாரங் டிக்கெட், அதாவது படகோட்டும் லைசென்ஸ், பறிக்கப்பட்டது. இருபது வருடமாகக் கடலில் அவர் சம்பாதித்தது அந்த ஒரு டிக்கெட்தான். என் எச்சரிக்கையைக் கொண்டுதான் அவரை மாட்டிவைத்தார்கள். நான் ஒன்றுமே சொல்லாமல் ஜெனரேட்டர் வேலைக்குப் போயிருந்தால்கூட அவர் தப்பித்திருப்பார்.

அடுத்த கப்பலில் புதுத் தகடு வந்தது. மாட்டினேன். பலகையில் பச்சை இருந்தபடியே இருந்தது. அந்தக் கப்பல் புறப்பட்டுப் போனது, அதற்கடுத்ததும் வந்து போனது. ஒவ்வொரு கப்பல் வாரமும் ஒரு கடிதம் எழுத நினைப்பேன். எழுதமாட்டேன். அம்மாவுக்கு மட்டும் எழுதுவேன், இங்கே மழை நன்றாகப் பெய்கிறது என்று.

மூன்றாவது கப்பல் வாரத்தில் அப்பாராவின் மனைவி ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். கணவருடைய ஒரு சட்டையும் சாப்பாட்டு டப்பாவும் எங்களிடம் கிடந்தன. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். டப்பாவைத் திறந்து பார்த்து மூடினார். பாம்பூஃப்ளாட்டில் எல்லோரும் சொல்கிறார்களாம், சூசை வேண்டுமென்றே குடித்துவிட்டு ஓட்டினான் என்று. சூசை ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டு வாசலில் வந்து நிற்கிறாராம். இவர் கதவைத் திறப்பதில்லையாம். அழாமல் சொல்லிக்கொண்டு வந்தவர், கடைசியில் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"சாரங் கோ மாலூம் தா, சாப்?"

சாரங்குக்குத் தெரியுமா என்று கேட்டார். விசாரணையில் கேட்ட அதே கேள்வி. தெரியும் என்று அங்கே கணீரென்று சொன்ன வாய்க்கு இப்போது வார்த்தை வரவில்லை. என்னவோ சொல்ல முயன்றேன். அவர் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. அதற்கு முன்னும் பின்னும் வாழ்க்கையில் நான் அப்படிக் கூனிக்குறுகி நின்றதில்லை.

அன்று மத்தியானமே உட்கார்ந்து எழுதினேன். சர்டிபிகேட்டில் செவ்வாய்க்கிழமை கையெழுத்துப் போட்டது, அப்போது கியர்பாக்ஸ் திறந்து கிடந்தது, முழு லோடில் சோதனை நடக்கவே இல்லை, லாஞ்சை எடுக்கவா வேண்டாமா என்று சாரங் என்னைக் கேட்டது, நான் நேராகப் பதில் சொல்லாதது. எல்லாவற்றையும் எழுதி, விசாரணை அதிகாரிக்கு ஒன்று, கல்கத்தாவுக்கு ஒன்று.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சில மாதங்கள் கழித்துச் சூசைக்கு டிக்கெட் திரும்பக் கிடைத்தது. அவர் அதற்குப் பிறகு ஆள் ஏற்றுகிற படகைத் தொடவில்லை, மரம் ஏற்றுகிற படகுதான் ஓட்டினார். பாம்பூஃப்ளாட்டில் அந்தக் கதவு திறந்ததா என்று எனக்குத் தெரியாது. என்னை மெயின்லேண்டில் ஒரு ஸ்டோர் ரூமுக்கு மாற்றினார்கள். அங்கே ஆறு வருடம் போல்ட்டும் நட்டும் எண்ணினேன். மேனேஜருக்குப் பெரிய கிளை ஒன்றில் பதவி உயர்வு. அவருடைய பலகை மாதிரியே வேறு கிளைகளிலும் வைக்கப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். உண்மை சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் சரியாகவில்லை. அப்பாராவ் விஷயத்தில் சரியாக என்ன இருக்கிறது?

நான் சொல்ல வந்தது அந்தக் கடிதத்தைச் சூசையிடம் எடுத்துப்போன சாயங்காலத்தை.

அவர் அப்போது ஜங்லிகாட் என்ற கரையோரப் பகுதியில் தோணிகளுக்குத் தார்க்கீல் பூசிக்கொண்டிருந்தார். ஒரு தோணியைக் கவிழ்த்துப் போட்டு, பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்துத் தட்டிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். உட்கார ஒரு பெட்டியைத் துடைத்துப் போட்டார். என்னால் உட்கார முடியவில்லை.

"ஒரு லெட்டர் எழுதிருக்கேன் சூசை. அனுப்பறதுக்கு முன்னால நீங்க கேக்கணும்."

ஆங்கிலத்தில் இருந்ததை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். சுத்தியலைக் கையில் வைத்தபடியே கேட்டார். 'எடுக்கவா வேண்டாமா என்று சாரங் என்னைக் கேட்டார்' என்ற இடம் வந்தபோது கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"அத இன்னொரு தடவை சொல்லுங்க சார்."

சொன்னேன்.

"விசாரணையில நான் அத சொல்லிருக்கலாம்," என்றார். "நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துட்டு இருந்தேன்."

கடிதத்தை வாங்கிப் பார்த்தார். ஆங்கிலம் படிக்கத் தெரியாது, ஆனால் எண்கள் தெரியும். கப்பல் வருகிற நாளும் போகிற நாளும் கடலில் பிழைப்பவர்களுக்கு மனப்பாடம். கீல் ஒட்டிய விரலைத் தாளில் படாமல் மேல் மூலைக்கு நேராகப் பிடித்தார்.

"இது என்ன தேதி போட்டுருக்கீங்க சார்?"

பார்த்தேன். வியாழக்கிழமை. கப்பல் புறப்படும் தேதி.

"இன்னிக்கு செவ்வாய்க்கிழமைல்லா," என்றார் சூசை. கோபமாகச் சொல்லவில்லை.

எப்போது போட்டேன் என்றே எனக்குத் தெரியாது. கை தானாகப் போட்டிருக்கிறது. ஒரு மனிதர் செத்து, ஒரு மனிதர் பிழைப்பை இழந்து, அதையெல்லாம் ஒப்புக்கொண்டு எழுதிய தாளிலும் முதல் வரியே பொய். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இன்னிக்குத் தேதியப் போடுங்க சார். அது போதும்," என்றார். கவிழ்ந்து கிடந்த தோணியின் முதுகைத் தோளில் கிடந்த துண்டால் துடைத்து, நான் எழுதுவதற்கு இடம் செய்து கொடுத்தார்.

தாளை அதன்மேல் வைத்துப் பழைய தேதியை அடித்தேன். பேனாவை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றேன். இரண்டு வருடமாகக் கப்பல் தேதியைத் தவிர வேறு எதையும் எழுதியதில்லை. அன்றைக்கு என்ன தேதி என்று எனக்குச் சட்டென்று தெரியவில்லை. சூசையிடம் கேட்டுத்தான் எழுதினேன்.